‘ஓர் ஆய்வு’ என்கிற வியாதி

நூல்நிலையத்துக்குப் போனால் இப்போதெல்லாம் நான் நாவல் அலமாரிப் பக்கம் போவதில்லை. பட்டத்துக்காக எழுதிக் கொடுத்த ஆராய்ச்சிகளைக் கெட்டி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்துப் பொறித்து அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த அலமாரிக்கு எதிரே போய் நிற்கிறேன். உள்ளே பிரித்துப் பார்ப்பதில்லை. முதுகுகளை மட்டும் வாசிக்கிறேன். ‘இன்னாரின் நாவல்களில் பெண்கள் - ஓர் ஆய்வு.’ ‘இன்னாரின் சிறுகதைகளில் சமுதாயப் பார்வை - ஓர் ஆய்வு.’ ‘இன்ன மாவட்டத்தின் பொருளாதார வளர்ச்சி - ஓர் ஆய்வு.’ அட்டை போட்டு, முத்திரை குத்தி, சர்வகலாசாலையே வாங்கி வைத்திருக்கும் புஸ்தகத்தை ஆராய்ச்சி என்று முதுகிலும் எழுதி வைக்காவிட்டால் நாம் ஊறுகாய் போடும் முறை என்று எண்ணிவிடுவோமோ என்ற பயம் போலிருக்கிறது.

இதைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அகப்படுகிற பிராணிகளில் நானும் ஒருவன். வருஷத்துக்கு நாலைந்து பேராவது கேள்வித்தாளோடு வருகிறார்கள். தங்கள் நாவல்களில் உவமைகள் எத்தனை, வட்டார வழக்குச் சொற்கள் எத்தனை, தாங்கள் சமுதாயத்துக்குச் சொல்ல விரும்பும் செய்தி யாது? உவமைகளை நான் எண்ணியதில்லை என்றால் அவர்கள் முகம் வாடிப்போகிறது. பரவாயில்லை சார், நாங்களே எண்ணிக்கொள்கிறோம் என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். இரண்டு வருஷம் வெயிலில் அலைந்து, தட்டெழுத்துக்கும் பைண்டிங்குக்கும் அப்பாவின் பணத்தைச் செலவழித்து, கடைசியில் 200 பக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த 200 பக்கத்தில் என்னதான் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டால், தலைப்பையே திரும்பச் சொல்கிறார்கள்.

என்னுடைய சண்டை இவர்களோடு இல்லை. இவர்களுக்குத் தலைப்பைக் கொடுத்து வாக்கியத்தைக் கொடுக்காமல் அனுப்பிவைக்கும் பெரியவர்களோடு.

தலைப்பு வேறு, வாக்கியம் வேறு. ‘நெய்வேலி’ என்பது ஒரு தலைப்பு. ‘நெய்வேலியின் வளர்ச்சி’ என்றாலும், ‘நெய்வேலி நகரியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் - ஓர் ஆய்வு’ என்றாலும் தலைப்புத்தான். நீளம் கூடியிருக்கிறதே ஒழிய யாரும் எதையும் சொல்லிவிடவில்லை. ஒருவன் எதையாவது சொல்லியிருக்கிறானா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்று உண்டு. அவன் ஆராய்ச்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டு, விஷயம் தெரிந்த ஒரு மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இல்லை ஐயா, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்” என்று சொல்ல முடியுமா? முடியுமானால் அது ஆராய்ச்சி வாக்கியம். ‘நெய்வேலி பல துறைகளிலும் வளர்ச்சி கண்டுள்ளது’ என்பதற்கு யார் இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? அங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கே தெரியும்.

நம் முன்னோர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்குச் சாட்சி ஒரு சொல். ‘மேற்கோள்’ என்றால் இன்று நமக்கு என்ன அர்த்தம்? இரண்டு கொம்புக் குறிகளுக்கு நடுவில் பிறத்தியான் வார்த்தையை எடுத்துப் போடுவது. பழைய தர்க்க நூல் வழக்கில் மேற்கோள் என்றால், நான் நிலைநாட்டப் போகிறேன் என்று ஒருவன் தானே மேற்கொண்டு சொல்கிற கட்சி. வடமொழிக்காரர்கள் பிரதிக்ஞை என்பார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் தர்க்கம் போதிக்கும்போது இதையே பக்கம் என்கிறார்; அதைத் தொடர்ந்து ஏதுவும் திட்டாந்தமும் வருகின்றன. 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். மொத்தம் 12 சூத்திரம். ஒவ்வொன்றையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து அடுக்கிக்கொண்டு போகிறார். நான் சொல்வது இது. அதற்குக் காரணம் இது. நீ கண்ணால் காணக்கூடிய உதாரணம் இது. சைவ சித்தாந்தத்தை ஏற்காதவர்களும் அவரோடு எந்த இடத்தில் சண்டை போடுவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. இடத்தை அவரே காட்டியிருக்கிறார்.

தான் சொல்வதற்குப் பெயராக இருந்த சொல் மற்றவன் சொன்னதற்குப் பெயராக ஆகிவிட்டது. இன்றைய ஆராய்ச்சிகளைப் பிரித்தால் இந்த அர்த்த மாற்றம் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். பக்கத்துக்கு ஐந்து மேற்கோள் இருக்கும், புதிய அர்த்தத்தில். பழைய அர்த்தத்தில் ஒன்றே ஒன்று இருக்காது.

மெய்கண்டார் பிறந்தது பெண்ணாகடம் என்று சொல்வது மரபு. விருத்தாசலத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே வந்தால் அதே கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலி. இப்போது தலைப்புக்கு உதாரணமாக நெய்வேலியை இழுத்தேனே, அது சும்மா இழுத்ததில்லை. அந்த ஊரே ஒரு மேற்கோளின்மேல் கட்டப்பட்டது; பழைய அர்த்தத்தில் சொல்கிறேன்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதும், அவர் சர்க்காருக்கு எழுதினார் என்பதும் நமக்கெல்லாம் தெரிந்த கதை. பின்னால் பூகர்ப்ப இலாகாவினர் வந்து துளை போட்டுப் பார்த்தார்கள். பழுப்பு நிலக்கரி இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது என்பது 1940-களிலேயே தெரிந்துவிட்டது. இன்றைய முறைப்படி ‘தென்னாற்காட்டில் பழுப்பு நிலக்கரி - ஓர் ஆய்வு’ என்று எழுதி அட்டை போட்டு மூடியிருக்கலாம். ஆனால் உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. கேள்வி கரியைப் பற்றியதில்லை, தண்ணீரைப் பற்றியது.

நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் அடைபட்டுக் கிடக்கிறது. சும்மா கிடக்கவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அறுபது முதல் எண்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்தால் அடியில் என்ன அழுத்தமோ, அது. மேலே இருக்கிற மண்ணின் கனம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடிமேல் அம்மிக் குழவியை வைத்திருக்கிற மாதிரி. கரியை எடுக்க வேண்டுமானால் குழவியை எடுத்தாக வேண்டும். எடுத்தால் மூடி பறக்கும். சுரங்கத்தின் தரை பிளந்து, தோண்டிய குழி ஏரியாகிவிடும். இதை வெட்ட முடியாது என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. கணக்குப் போடத் தெரிந்தவர்கள்.

வெட்டலாம் என்றவர்கள் சொன்ன வாக்கியம் இது: சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால் அந்த அழுத்தத்தைத் தணிக்கலாம், அதற்கு ஆகும் செலவு கரியின் விலையைத் தின்றுவிடாது. எவ்வளவு துணிச்சலான வாக்கியம் பாருங்கள். இதன் இரண்டு பாதியுமே பொய்யாகப் போயிருக்கலாம். தண்ணீர் தணியாமல் போகலாம். தணிந்தாலும் கட்டுப்படி ஆகாமல் போகலாம். அதற்காகத்தான் 1950-களின் தொடக்கத்தில் சோதனைக் குழி வெட்டிப் பார்த்தார்கள். 1954-ல் பவல் டஃப்ரின் என்கிற பிரிட்டிஷ் நிறுவனம் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 14-ம் தேதி நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ம் தேதி நேரு வந்து வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளியே தெரிந்தது. அதற்கு மறு வருஷம் சோவியத் உதவியோடு கட்டிய மின்நிலையத்தில் மின்சாரம் வந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதற்கு மறுப்பு என்ன என்று முதலில் பார்த்து, மறுப்புக்குப் பதில் தேடின வரிசையிலேயே வேலை நடந்திருக்கிறது. இதைவிட நல்ல ஆராய்ச்சிச் சட்டகத்தை எந்தப் பேராசிரியரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது.

இப்படிப்பட்ட ஊரில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

நெய்வேலியில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை. ஏதோ ஒரு கல்லூரியில் முதுகலை படிக்கிறாள். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை, எதுவாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். உறைக்குள் இருந்தது அவளுடைய ஆராய்ச்சித் திட்டம். தலைப்பு: ‘நெய்வேலி நகரியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் - ஓர் ஆய்வு’. இயல் ஒன்று முன்னுரை. இயல் இரண்டு நெய்வேலியின் வரலாறு. இயல் மூன்று நிர்வாக அமைப்பு. இயல் நான்கு கல்வி, மருத்துவம், நலத்திட்டங்கள். இயல் ஐந்து முடிவுரை.

“இதிலே நீ என்னம்மா சொல்லப் போறே?” என்று கேட்டேன்.

“நகரியத்தோட தோற்றமும் வளர்ச்சியும் சார்.”

“அது தலைப்பு. நீ என்ன சொல்லப் போறே?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “முதல்லே நான் வேற ஒண்ணு எழுதிக் குடுத்தேன் சார். கைடு வேண்டாம்னுட்டாங்க” என்றாள்.

வேண்டாம் என்று தள்ளப்பட்டது அவளுடைய ஆயாவின் விஷயம். ஆயாவின் கிராமம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊரை விட்டுக் குடியமர்த்தின இடத்துக்கு வந்தார்கள். நிலத்துக்குப் பணம் வந்தது. குடும்பத்தில் ஒருவருக்கு, இவளுடைய பெரியப்பாவுக்கு, வேலையும் வந்தது. பெரியப்பா குவார்ட்டர்ஸுக்குப் போனார். ஆயா மட்டும் சாகிற வரையில், “எனக்கு ஒண்ணும் வரலையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். இவளுக்குச் சின்ன வயதில் அது புரியவில்லை. நிலம் தாத்தா பெயரில் இருந்தது. அதற்குப் பணம் வந்துவிட்டது. ஆயாவுக்கு என்ன வரவில்லை? வளர்ந்த பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறாள். முந்திரி பொறுக்குவது, கொட்டை உடைப்பது, மல்லாட்டை ஆய்வது, களை பறிப்பது, இரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றுவது - வருஷம் முழுக்க ஆயாவின் முந்தானையில் காசு இருந்திருக்கிறது. அந்தக் காசுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததற்கு நஷ்டஈடும் கிடையாது. புது இடத்தில் ஆயா மகனிடம் வெற்றிலைக்குக் காசு கேட்டு நின்றாள்.

இதை அந்தப் பெண் ஒரு வாக்கியமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறாள். நிலம் எடுத்ததில் குடும்பங்களுக்கு ஈடு கிடைத்த இடத்திலும் அந்தக் குடும்பத்துப் பெண்களின் கை வருமானத்துக்கு ஈடு கிடைக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு வாக்கியம் வாய்ப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. தேடிப் பார்க்கக் காகிதமும் கிழவிகளும் இருக்கிறார்கள்.

வழிகாட்டி என்ன சொன்னார் தெரியுமா? விஷயம் குறுகலாக இருக்கிறது, விரிவாக்கு என்றார். சொந்தக் குடும்பக் கதை ஆராய்ச்சிக்கு உதவாது என்றார். மூன்றாவதாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்: “உனக்கு எதுக்கும்மா வம்பு?” விரிவாக்கு என்கிற வார்த்தைக்கு நம்முடைய கல்லூரிகளில் உள்ள அர்த்தம் இதுதான். வம்பு இல்லாத அளவுக்கு விரிவாக்கு. யாருமே இல்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு விரிவாக்கு.

அந்தப் பெஞ்சிலேயே நாங்கள் ஒரு காரியம் செய்தோம். ஒரு காகிதத்தில் அவளுடைய பழைய வாக்கியத்தை எழுதிக்கொண்டு, இதை மறுக்கிறவன் என்னென்ன சொல்வான் என்று கேட்டேன். முதலில் தயங்கினாள். பிறகு அவளே மளமளவென்று சொன்னாள். மறுக்கிறவனை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவன் பெரியப்பாவாகவே இருக்கலாம்.

நிலம் பெண்கள் பேரிலே இல்லவே இல்லையே, அவர்களுக்கு எப்படி நஷ்டம் என்பான். சரி, அப்படியானால் நிலம் யார் பெயரில் இருந்தது, அதில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று ஓர் அத்தியாயம் வேண்டும். பட்டா சொல்வது ஒரு பாதி. அடங்கலைப் பார்த்தால் எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்று தெரியும். முந்திரிக்கும் மல்லாட்டைக்கும் எந்த வேலைக்கு யார் போவார்கள் என்பதைக் கிழவிகளைக் கேட்டால் தெரியும். அடுத்தபடி, வேலை பெண்களுக்கும் கொடுத்தார்களே என்பான். எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். அவள் போய் விசாரிக்கக்கூடிய இரண்டு கிராமத்தில் எத்தனை குடும்பம், வேலை கிடைத்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை. எண்ணிக்கை அவள் கட்சிக்கு விரோதமாக வந்தால் வாக்கியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், கை வருமானம் போனாலும் நகரியத்தில் வீட்டு வேலை, காய்கறி வியாபாரம் என்று வேறு வருமானம் வந்ததே என்பான். வந்ததா, எவ்வளவு, எத்தனை தூரம் நடந்து போய்?

இது வரைக்கும் அவள் உற்சாகமாகத்தான் இருந்தாள். நாலாவது மறுப்பையும் அவளே சொன்னாள், குரல் இறங்கிப்போய்.

“கிராமத்திலேயே இருந்திருந்தா நீ எம்.ஏ. படிச்சிருப்பியா?ன்னு கேப்பாங்க சார்.”

பெரிய மறுப்பு இது. அவளே அதற்குச் சாட்சி. நகரியத்தில் பள்ளிக்கூடம் வந்தது, தார் ரோடு வந்தது, பஸ் வந்தது. பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். இதை மறைத்துவிட்டு ஆயாவுக்காக அழுதால் அது ஒப்பாரி. ஐந்தாம் இயல் முடிவுரையில் ‘நன்மை தீமை இரண்டும் உள்ளன’ என்று எழுதினால் மழுப்பல். என்ன செய்வது? கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவளே பேனாவை எடுத்து வாக்கியத்தைத் திருத்தினாள். நிலம் எடுத்ததில் ஒரு தலைமுறைப் பெண்கள் இழந்ததும் அடுத்த தலைமுறைப் பெண்கள் பெற்றதும் வேறு வேறு. பின்னதைக் காட்டி முன்னதைக் கணக்குத் தீர்த்துவிட்டார்கள்.

பழைய வாக்கியத்தைவிட இது எவ்வளவு கூர்மையாக இருக்கிறது! அதை எனக்கு எழுதத் தெரிந்திராது. மறுப்பை வரிசையாக எழுதிப் பார்த்ததால் வந்த வாக்கியம். சட்டகம் என்பது இதற்குத்தான். முன்னுரை, வரலாறு, நிர்வாகம், நலத்திட்டம், முடிவுரை என்று ஐந்து பானையை முதலிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு அகப்பட்டதை எல்லாம் அதில் போட்டு நிரப்புவதற்கு இல்லை. எதிராளியின் எந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னால் அடுத்த கேள்வி எழும் என்கிற வரிசை அது. இந்தப் பெண்ணுக்கு அது நாலு அத்தியாயமாக வந்தது. இன்னொருவருக்கு மூன்றாக வரலாம், ஏழாக வரலாம். ஐந்துதான் வரவேண்டும் என்பது எந்தச் சாஸ்திரம்?

மூன்றிலேயே முடித்தவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். தென்னாட்டுப் பாஷைகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்று அந்நாளைய பெரிய வித்துவான்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் உட்கார்ந்து சொன்னதை லண்டனில் நம்பினார்கள். எல்லிஸ் இல்லை என்றார். தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது அன்று. தமிழுக்கும் கன்னடத்துக்கும் அது உறவு. இதுதான் அவருடைய மேற்கோள். கேம்பெல் துரையின் தெலுங்கு இலக்கணம் 1816-ல் வெளிவந்தபோது அதன் முகப்பில் இதை எழுதினார். வடமொழிச் சொற்கள் தெலுங்கில் நிறைய இருக்கின்றனவே என்பதுதான் எதிராளியின் பலம். ஆகவே எல்லிஸ் வேர்களை முதலில் எடுத்தார்: சமஸ்கிருத வேர்கள் ஒரு பக்கம், தெலுங்கு வேர்கள் ஒரு பக்கம், பிறகு தெலுங்கும் தமிழும் கன்னடமும் பக்கம் பக்கமாக. வேரில் உறவு தெரிந்த பிறகு சொற்களுக்கு வந்தார். எது கடன், எது சொந்தம் என்று பிரித்தார். வேரும் சொல்லும் இருக்கட்டும், வாக்கிய அமைப்பு என்று ஒன்று உண்டே என்று கேட்பானே, அதற்காக மூன்றாவது பகுதி. கால்டுவெல்லின் பெரிய புஸ்தகம் 1856-ல்தான் வந்தது. அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால், இன்னொருவர் புஸ்தகத்தின் முகப்பில் சில பக்கங்கள். ‘தெலுங்கு மொழி - ஓர் ஆய்வு’ என்று எல்லிஸ் எழுதியிருந்தால் இன்று அவர் பெயரை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

என்னோடு சண்டைக்கு வருகிறவர்களில் ஒரு கட்சிக்கு மட்டும் நான் மரியாதை கொடுக்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவன் முதலிலேயே ஒரு முடிவை வைத்துக்கொண்டு இறங்கினால், அதற்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவான். திறந்த மனத்தோடு போக வேண்டாமா என்கிறார்கள். நியாயமான பயம். அப்படிப் பொறுக்கின ஆராய்ச்சிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஜாதி வரலாறு எழுதுகிறவர்கள் அதில் சூரர்கள். ஆனால் அவர்கள் செய்த தப்பு வாக்கியத்தை முதலில் சொன்னது இல்லை. அதைத் தோற்கக் கொடுக்காதது. நெய்வேலியில் தண்ணீர் தணியும் என்று சொன்னவர்கள் திறந்த மனம் என்று சொல்லிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், எந்த இடத்தில் குழி வெட்டுவது என்றே தெரிந்திருக்காது. சொன்னார்கள், வெட்டினார்கள், தண்ணீர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். வெறும் திறந்த மனத்தோடு ஒரு ஊருக்குள் போகிறவன், நிர்வாக அலுவலகத்தில் கொடுக்கிற அச்சிட்ட கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறான். அந்தப் பெண்ணின் மூன்றாம் இயலும் நான்காம் இயலும் அப்படித்தான் நிரம்பியிருக்கும்.

பிள்ளைகளுக்கு வயசு போதாது, முதலில் தகவல் சேகரிக்கக் கற்றுக்கொள்ளட்டும், வாதம் பிறகு பார்க்கலாம் என்பது இரண்டாவது கட்சி. இதற்கு மரியாதை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எதற்கு என்று தெரியாமல் சேகரிப்பவன் எதைச் சேகரிப்பான்? என் உவமைகளை எண்ணுவான். எம்.ஃபில். பட்டத்தை 2022-ம் வருஷத்து விதிகளோடு நிறுத்திவிட்டார்கள். வியாதி பட்டத்தோடு போகவில்லை, டாக்டர் பட்டத்துக்கும் முதுகலைக்கும் போய்க் குடியேறிக்கொண்டது. இப்போது கம்ப்யூட்டரிடம் ஒரு தலைப்பைக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் ஐந்து இயல் போட்டுக் கொடுக்கிறதாம்; பேராசிரியர்கள் கலவரப்படுகிறார்கள். இத்தனை வருஷம் மனிதப் பிள்ளைகளிடம் அதைத்தானே கேட்டு வாங்கினார்கள்?

தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். இலங்கைப் பேராசிரியர் கைலாசபதி, நம் சங்கப் பாட்டுக்கள் பாணர்கள் வாய்மொழியாகக் கட்டிப் பாடிய வீரயுகப் பாட்டுக்கள் என்று சொன்னார். பர்மிங்காமில் செய்த அந்த ஆராய்ச்சி 1968-ல் ஆங்கிலத்தில் புஸ்தகமாக வந்தது. 1975-ல் ஜார்ஜ் ஹார்ட் என்கிற அமெரிக்கர், இல்லை, இவை பாணர் பாட்டின் சாயலை எடுத்துக்கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் செய்தவை என்று எழுதினார். இருவரில் யார் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஹார்ட் மறுத்ததால் கைலாசபதி செத்துவிடவில்லை. அந்தத் துறையில் இறங்குகிறவர்கள் இன்றைக்கும் இருவரையும் படித்தாக வேண்டும். ‘சங்க இலக்கியத்தில் வீரம் - ஓர் ஆய்வு’ எழுதியவர்களை மறுக்கக்கூட யாரும் முன்வரவில்லை.

அந்தப் பெண்ணின் விஷயம் பழங்கதை என்றாவது விட்டுவிடலாமா? 2023 ஜூலையில் அதே சுரங்கத்தின் விஸ்தரிப்புக்காக, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுகிறோம் என்று மேல்வளையமாதேவியில் பச்சை நெற்பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரங்களை இறக்கினார்கள். கதிர் விடப்போகிற பயிர் சேற்றோடு புரண்டதைப் படம் பிடித்துத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தோம். நிலத்தை எப்போதோ எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். வாழ்வாதாரம் போயிற்று என்றார்கள் ஊர்க்காரர்கள். கட்சிகள் கொடி பிடித்தன. கோர்ட்டுக்கும் போயிற்று. இந்தச் சத்தத்தில் ஒரு கேள்வியை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை: பணம் கொடுத்தாயிற்று என்றால், யார் கையில்? நாற்று நட்டவள் கையிலா?

கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆதாரம் வேண்டுமே. ஐம்பது அறுபது வருஷமாக நிலம் எடுத்து வருகிற ஒரு பிரதேசத்தில், சுற்றிலும் கல்லூரிகள் இருக்கிற இடத்தில், வருஷந்தோறும் ஆராய்ச்சி எழுதி அட்டை போடுகிற நாட்டில், இந்தப் பெண்ணின் வாக்கியம் அவளுக்கு முன்னாலேயே யாராவது ஒருவருக்குத் தோன்றியிருக்கும். அவர்களுடைய வழிகாட்டிகளும் விரிவாக்கச் சொல்லியிருப்பார்கள்.

வாய்மொழித் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. வெளியூர்ப் பேராசிரியர் வருவார். பிஸ்கோத்தும் முந்திரிப் பருப்பும் வைப்பார்கள். இரண்டாம் இயலில் அச்சுப்பிழை இருக்கிறது, அடிக்குறிப்பில் ஆண்டு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு ரயிலேறுவார். அப்படிப் போகிறவர்களுக்கு என்னுடைய விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த தடவை பருப்பை எடுப்பதற்கு முன்னால், பரீட்சைக்கு வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து, “உன்னை மறுக்கிறவர் யாரம்மா?” என்று கேளுங்கள். பிள்ளை விழித்தால் அதைக் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வழிகாட்டியைக் கேளுங்கள்.